விண் கூவின இரவு

 

கொஞ்சம் நீளமான பதிவு. வழமையாக நான் இங்கே போடுவது படகு நேரம் மாறிய விசயம், பிள்ளைகளின் பரீட்சை விசயம், யாரோ பஸ்ஸில் குடையைத் தவறவிட்ட விசயம். இது ஒரு சத்தத்தைப் பற்றியது. ஒரே ஒரு சத்தத்துக்கு இவ்வளவு எழுத்தா என்று கேட்பீர்கள். வாசித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் நெடுந்தீவுக்கு மாற்றலாகி வந்த முதல் தை மாதம் அது. திங்கள் விடியவே யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணை, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகு. வெள்ளிக்கிழமை மட்டும் ஆசிரியர் விடுதியில்தான் இருப்பு.

ஒருநாள் இரவு இஷாத் தொழுதுவிட்டுக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு சத்தம். "ங்ங்ங்ங்" என்று, விடாமல். முதலில் ஜெனரேற்றர் என்று நினைத்தேன். அப்போது தீவுக்கான மின்சாரத்தை இங்கேயேதான் டீசலில் எடுத்தார்கள். ஆனால் சத்தம் அந்தத் திசையில் இருந்து வரவில்லை. பிறகு விடுதியின் ஃபிரிஜ் என்று நினைத்து பிளக்கைக் கழற்றினேன். நிற்கவில்லை. ஃபானை நிற்பாட்டினேன். நிற்கவில்லை. பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி. தலையணையைக் காதில் வைத்து அமத்தியும் பார்த்தேன். சுபஹுக்கு எழும்பும்போதும் அதே சத்தம் அதே இடத்தில் இருந்தது.

காலமை பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் கேட்டா: "என்ன ரீச்சர், கண் சிவந்து கிடக்கு. நித்திரை இல்லையோ?"

"இரவு முழுக்க ஏதோ மிசின் ஓடினது அம்மா."

அவ சிரிச்சா. "மிசினோ? அது விண் பிள்ளை. என்ர பேரன் பட்டத்தை ஏத்திப்போட்டுப் பனையில கட்டி விட்டவன். வாடை விழுகிற மட்டும் கூவிக்கொண்டுதான் நிக்கும்."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விண்ணைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆனால் என்னைப் போல வெளியில் வளர்ந்தவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறபடியால் சொல்கிறேன். கமுகஞ் சலாகையையோ மூங்கிலையோ சீவி வில் மாதிரி வளைத்து, அதன் இரண்டு நுனிக்கும் ஒரு தட்டையான நாரை இழுத்துக் கட்டுவார்கள். முந்தி பனை நார், இப்போது கூடுதலாகப் பொதி கட்டுகிற பிளாஸ்டிக் நாடா. அந்த வில்லைக் கொக்குப் பட்டத்திலோ பிராந்திலோ எட்டுமூலையிலோ பூட்டி ஏற்றினால், காற்றுப் பட்டவுடன் நாடா அதிரத் தொடங்கும். அதுதான் விண் கூவுகிறது. பட்டம் மேலே நிற்கும் வரைக்கும் அந்தச் சத்தமும் நிற்கும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆகவே அடுத்த நாள் அந்தப் பொடியனிடம் பட்டத்தை இறக்கிக் காட்டச் சொன்னேன். அகன்ற நாடாவைத் தாண்டிக் காற்றுப் போகும்போது நாடா ஒரு பக்கம் முறுக்குப்படும், அந்த முறுக்கு காற்றின் தள்ளுகையை மாற்றும், நாடா மற்றப் பக்கம் திரும்பும். இப்படியே காற்றில் இருந்து சக்தியை எடுத்து எடுத்துத் தானே ஆடிக்கொண்டிருக்கும். 1940 நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவில் டக்கோமா நரோஸ் தொங்கு பாலம் காற்றில் முறுகி முறுகி ஆடி உடைந்து விழுந்த படத்தை யூரியூப்பில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலத்தை விழுத்தியதும் இதே வகை ஆட்டம்தான்.

விண் எங்களிடம் மட்டும் இருக்கிறதும் இல்லை. மலேசியாவில் வாவ் பட்டத்தின் தலையில் பூட்டுகிற வில்லுக்கு பூசூர் என்று பெயர். கம்போடியாவில் க்லெங் ஏக் என்ற பட்டம், பாலித் தீவில் ஜங்கான் பட்டம், எல்லாவற்றிலும் இந்தக் கூவுகிற வில் உண்டு. காற்று ஒரே பக்கமாக மாதக்கணக்கில் வீசுகிற ஊர்களில் மனுசருக்கு ஒரே யோசனைதான் வந்திருக்கிறது.

சரி, விஞ்ஞானம் போதும். என் பிரச்சினை நித்திரை.

கொழும்பில் படிக்கிற என் நானாவின் மகனுக்கு வட்ஸ்அப்பில் முறைப்பாடு சொன்னேன். அவனுக்குக் கணினியில் சத்தம் செய்கிற பைத்தியம். "மாமி, இதுக்குக் காசு குடுத்துப் போய் இருந்து கேக்கிற ஆக்கள் இருக்கிறாங்க" என்று எழுதி ஒரு லிங்க் அனுப்பினான். "ஒரு மணித்தியாலத்துக்கு ஒண்டுமே நடக்காது. ஆனா நிப்பாட்டாதீங்க."

எலியான் ராதிக் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் இசை அது. 1932இல் பாரிசில் பிறந்தவர். பாட்டு இல்லை, தாளம் இல்லை, மெட்டும் இல்லை. ஒரு நீண்ட சத்தம், அதற்குள் இன்னொரு நீண்ட சத்தம். இப்படியான இசையை ஆங்கிலத்தில் ட்ரோன் என்கிறார்கள். இப்போது ட்ரோன் என்றால் எங்களுக்குக் கல்யாண வீட்டில் படம் எடுக்க மேலே பறக்கிற சாமான்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சொல்லுக்கு இரைச்சல், ரீங்காரம் என்பதுதான் பழைய அர்த்தம்.

நான் ஐந்தாம் நிமிசம் நிற்பாட்டிவிட்டேன். "கிணத்து மோட்டர் ஓடுற மாதிரி இருக்கு" என்று பதில் போட்டேன்.

அடுத்த திங்கள் படகில் ஒரு மணித்தியாலம் வேறு வேலை இல்லை. வாடைக் காற்று, கடல் அடிக்குது, புத்தகம் வாசித்தால் சத்தி வரும். ஹெட்போனைப் போட்டுத் திரும்பவும் அதையே கேட்டேன். இந்தமுறை நிற்பாட்டவில்லை, நிற்பாட்டக் கை எழும்பவில்லை என்று சொன்னால்தான் சரி. முதல் பத்து நிமிசம் சலிப்பு. அடுத்த பத்து நிமிசம் என் மண்டைக்குள் இருந்த சத்தங்கள்: செலுத்தாத லீசிங் காசு, நேர அட்டவணை, உம்மாவின் மருந்து. அதன் பிறகு அவையும் களைத்துப் போயின. அப்போதுதான் காதில் விழுந்தது, அது ஒரே சத்தம் இல்லை என்று. அடியில் ஒன்று, அதற்கு மேலே மெல்லியதாக இன்னொன்று, இரண்டும் உரசுகிற இடத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஏற்ற இறக்கம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் வருகிற அடிப்பு. சூத்திரமாகப் பாடமாக்கியதை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். மாவலித் துறையில் படகு அணைந்தபோது கடைசி ஆளாக இறங்கினேன்.

அதிலிருந்து இந்த ஆட்களைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். சிலது உங்களுக்கும் பிடிக்கும்.

லா மொன்ட் யங் என்று ஒரு அமெரிக்கர். 1935இல் ஐடஹோ மாநிலத்தில் பேர்ன் என்ற சின்ன ஊரில், மரக்குற்றிகளால் கட்டிய வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டின் இடுக்குகளுக்குள்ளால் காற்று நுழைந்து ஊதுகிற சத்தத்தையும், தொலைபேசிக் கம்பங்களின் ரீங்காரத்தையும்தான் தன் முதல் இசை ஞாபகமாகச் சொல்கிறார். 1960இல் அவர் எழுதிய ஒரு இசைக் குறிப்பில் இரண்டே இரண்டு சுரங்கள். நீண்ட நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டளை. நெடுந்தீவில் பிறந்திருந்தால் அவர் விண் கட்டியிருப்பார் என்று நினைத்துச் சிரித்தேன்.

1970இல் இந்த யங், லாகூரில் பிறந்த பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்தார். பிரான் நாத்தின் குரு உஸ்தாத் அப்துல் வஹீத் கான், கிரானா கரானாவின் பெரிய மனிதர். சில ராகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக, அவசரமே இல்லாமல் விரித்துப் பாடியவர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. "பெஹ்ரே" வஹீத் கான் என்றே பெயர். செவிட்டு வஹீத் கான். இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜேர்மனியில் ஹல்பர்ஸ்டாட் என்ற ஊரின் பழைய தேவாலயம் ஒன்றில், ஜோன் கேஜ் எழுதிய இசையை ஒரு ஓர்கன் 2001இலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறது. முடிகிற ஆண்டு 2640. மொத்தம் 639 வருடங்கள். சுரம் மாறுகிற நாளில் சனம் கூடிப் பார்க்கிறது. 2024 பெப்ரவரி 5இலும் அப்படி ஒரு மாற்றம் நடந்தது. இதை ஆசிரியர் ஓய்வறையில் சொன்னபோது எங்கள் சேர் ஒருவர் கேட்டார்: "சம்பளத் திட்டமும் அங்கதான் வாசிக்கினமோ?"

வெளிநாட்டுக்காரர் செய்தால்தான் எங்களுக்குப் பெரிய விசயம் என்று நினைக்கவேண்டாம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் நான் படித்த காலத்தில் சங்கீதம் படித்த சிநேகிதிகள் காலமையில் தம்பூராவை மீட்டிக்கொண்டு இருப்பார்கள். பாட்டு எப்போது தொடங்கும் என்று நான் காத்திருந்து களைத்துப் போவேன். ஒருநாள் ஒருத்தி, தந்திக்கும் குதிரைக்கும் இடையில் செருகுகிற சின்ன நூல் துண்டைக் காட்டி, "இதுக்குப் பேர் ஜீவா, இது சரியான இடத்தில இல்லாட்டித் தம்பூரா செத்துப்போகும்" என்றாள். நான் தையல்காரரின் மகள். ஒரு நூல் துண்டுக்கு ஜீவன் என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் சத்தத்தைக் கேட்கவில்லை, நூலைத்தான் பார்த்தேன். கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் இருப்பார். ஒரே சுரம். மூக்கால் மூச்சை எடுத்துக் கன்னத்தில் வைத்து, அறாமல் ஊதுவார். இப்போது அந்த இடத்தில் கரண்டில் வேலை செய்கிற சுருதிப்பெட்டி இருக்கிறது. ஒத்துக்காரரை யாரும் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கமும் இருக்கிறது. சின்ன வயதில் குர்ஆன் மதரசாவில் "அலிஃப் லாம் மீம்" ஓதும்போது உஸ்தாத் விரலை மடக்கி எண்ணுவார். லாமுக்கு ஆறு, மீமுக்கு ஆறு. இரண்டும் சேருகிற இடத்தில் மூக்கில் நிற்கிற குன்னா. நாங்கள் அவசரக் குடுக்கைகள், நாலில் முடித்துவிடுவோம். "நில்லு, நில்லு, ஓடாத" என்பார். இசை கூடுமா கூடாதா என்று கீழே சண்டை பிடிக்கவேண்டாம், அதைச் சொல்ல மௌலவிமார் இருக்கிறார்கள். ஓதலும் இசையும் ஒன்று என்று நான் சொல்லவும் இல்லை. ஒரு சத்தத்தில் அதற்குரிய நேரம் வரைக்கும் நிற்கவேண்டும் என்பதை நான் முதலில் படித்தது அந்தப் பாயில் இருந்துதான் என்று மட்டும் சொல்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தபிறகு இரவில் விண் சத்தம் எனக்குத் தொந்தரவாக இல்லை. கொப்பி திருத்தி முடித்து விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். காற்றுக் கூடினால் சுருதி கொஞ்சம் ஏறும், குறைந்தால் இறங்கும். நடுச்சாமத்துக்குப் பிறகு பனி இறங்கினால் குரல் கரகரக்கும். விடியப்புறம் காற்று விழுகிற நேரம் தடக்கித் தடக்கிக் கூவும். ஒரு இரவு முழுக்கக் கேட்டால் அது ஒரே சத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் ஒரு விசயத்தை மறைக்கக்கூடாது. நான் சந்தோசமாக இதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னபோது அவ சிரிக்கவில்லை. "உனக்கு நல்லா இருக்கும் பிள்ளை. நான் ஒவ்வொரு வருசமும் முதல் விண் கேக்கிற அண்டைக்கு முத்தத்தில இறங்கி வானத்தைப் பாத்துப்போட்டுத்தான் படுக்கிறனான்" என்றா. "என்னத்துக்கு அம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் விளங்கியது. வானத்தில் இருந்து ஒரு "ங்ங்" வந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடின ஆட்களின் காது அது. ராதிக் அம்மையார் 1950களில் நீஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர், போகிற வருகிற விமானங்களின் இரைச்சலை ரசித்துக் கேட்டுத்தான் இந்த இசைக்கு வந்தார் என்று வாசித்திருந்தேன். அது அவருக்குக் கிடைத்த வானம். இந்த அம்மாவுக்குக் கிடைத்தது வேறு. நீண்ட சத்தம் எல்லாருக்கும் அமைதியைத் தரும் என்று சொல்கிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை. சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அதைக் கேட்கிறவர் எங்கே நின்று கேட்டார் என்பதையும் பொறுத்தது.

அந்தக் கிழமை எட்டாம் வகுப்புக்கு ஒலி பற்றிய பாடம். பொடியனிடம் பட்டத்தைக் காலமையே ஏற்றி மைதானத்து வேலியில் கட்டச் சொன்னேன். பிள்ளைகளை வேம்புக்குக் கீழே இருத்தி, பத்து நிமிசம் கதைக்காமல் கேட்டு, கேட்டதை எழுதச் சொன்னேன். மூன்றாம் நிமிசம் கிள்ளுப்பாடு, ஐந்தாம் நிமிசம் சிரிப்பு. எட்டாம் நிமிசம் உண்மையாகவே அமைதி. பத்து நிமிசம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, பாடம் முடிகிற மணி அடிக்கும் வரைக்கும் இருந்தார்கள். ஒரு பிள்ளை "இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடுவது போல் கேட்டது" என்று எழுதியிருந்தாள். மேற்றொனி என்ற சொல் அவளுக்கு இன்னும் தெரியாது. பட்டக்காரப் பொடியன் ஒரே வசனம்தான் எழுதினான்: "சத்தம் கேட்டால் நித்திரை வரும், நின்றால் முழிப்பு வரும், பட்டம் அறுந்திருக்கும்." அவனுடைய தகப்பன் இரவில் கடலுக்குப் போகிறவர். பட்டத்தை மட்டும் நினைத்து எழுதினானா என்று நான் கேட்கவில்லை.

இனி வாப்பாவின் விசயம்.

விண் என்ற சொல் எனக்கு உம்மாவின் வாயால்தான் தெரியும். "உங்கட வாப்பா சோனகத்தெருவில விண் கட்டினா நாவாந்துறை, கொட்டடிப் பொடியனெல்லாம் வந்து நிப்பாங்கள்" என்று எப்போதாவது சொல்லுவா. வாப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்தது இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது எனக்கு இரண்டு வயது. வடக்கில் இருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்று சொல்வார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது புத்தளம். அங்கே வாப்பா திரும்பவும் ஒரு தையல் மிசின் வாங்கினார், எங்களைப் படிப்பித்தார். புத்தளத்திலும் காற்று நன்றாக அடிக்கும். நானாமார் பட்டம் கேட்டு அழுதிருக்கிறார்கள். அவர் ஒரு பட்டம்கூடக் கட்டிக் கொடுத்தது இல்லை. நான் படிப்புக்கும் பிறகு வேலைக்கும் யாழ்ப்பாணம் திரும்பினேன். வாப்பாவும் உம்மாவும் மூத்த நானாவோடு புத்தளத்திலேயே இருந்துவிட்டார்கள்.

இப்போது வாப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, காது மந்தம். வயது போகப்போக முதலில் விட்டுப்போவது உயர்ந்த சுருதிகள்தான் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். ச, த, க மாதிரி எழுத்துக்களின் கூர்மை போய்விடும், ஆட்கள் கதைப்பது மூட்டமாகத்தான் கேட்கும். தாழ்ந்த சத்தங்கள் கூடுதல் காலம் மிஞ்சும். அதனால் எங்கள் போன் கதை இரண்டு வருடமாக ஒரே மாதிரி: "சாப்பிட்டீங்களா வாப்பா?" "என்ன?" "சாப்பிட்டீங்களா?" "ஓ, மழை இல்ல." பிறகு போன் உம்மாவின் கைக்குப் போய்விடும்.

செவிட்டு வஹீத் கானைப் பற்றி வாசித்த அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வாப்பாவுக்கு என் கதை கேட்காவிட்டாலும் விண் கேட்கும் அல்லவா? அன்று இரவு வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, போனை யன்னலுக்கு வெளியே நீட்டினேன். "ஒண்டும் கேக்கேல்ல" என்றார். உம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை என்றா. எனக்குக் காது கிழிகிறது, அங்கே ஒன்றுமில்லை. மருமகன்தான் காரணம் சொன்னான். போன் அழைப்பில் மனுசக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மாறாமல் ஒலிக்கிற சத்தத்தை இரைச்சல் என்று வெட்டிவிடுகிற மென்பொருள் இருக்கிறதாம். ஃபான் சத்தம், மோட்டர் சத்தம், எல்லாவற்றோடும் சேர்த்து விண்ணையும் அது வெட்டி எறிந்துவிட்டது. மாறாமல் இருப்பது ஒன்றுமில்லாததற்குச் சமம் என்று போனுக்குப் படிப்பித்து வைத்திருக்கிறார்கள். முதல் இரவு நானும் அப்படித்தானே பிளக்கைக் கழற்றித் திரிந்தேன்.

ஆகவே பதிவு செய்து அனுப்பத் தீர்மானித்தேன். போனைப் பழைய காலுறைக்குள் போட்டு, காற்று நேரே படாமல் மதில் கல்லுக்குப் பின்னால் வைத்து, ஒரு மணித்தியாலமும் ஏழு நிமிசமும் பதிவு செய்தேன். இடையில் ஒரு நாய் குரைக்கிறது, பக்கத்து வீட்டு அம்மா கோழியைக் கலைக்கிறா, மற்றதெல்லாம் விண். அதை அனுப்பி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த மருமகனிடம் அவனுடைய பெரிய ஹெட்போனை வாப்பாவின் காதில் போட்டுவிடச் சொன்னேன்.

அவன் பிறகு சொன்னது இது. அப்பா முதலில் ஹெட்போனைக் கழற்றப் பார்த்தாராம். பிறகு கையை எடுத்துவிட்டாராம். அசருக்குப் பிறகு கதிரையில் இருந்தவர் முழுவதையும் கேட்டு முடிக்கிற மட்டும் எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. உம்மா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாவாம்.

அன்று இரவு போன் வந்தது, வாப்பாவே எடுத்தார். வணக்கம் வழக்கம் ஒன்றும் இல்லை.

"ஆர்ர பொடியன் கட்டினது?"

"என்னட்டப் படிக்கிற பொடியன் வாப்பா" என்று கத்திச் சொன்னேன்.

"இடப்பக்கம் இழுவை காணாது. காத்துக் கூடேக்க அதுதான் பிசிறுது. முடிச்சை அவிட்டு ஒரு சுத்து கூட்டச் சொல்லு. நாடா எண்டா அப்பிடித்தான். நார் போட்டா இந்தச் சத்தம் வராது." பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். "அந்த வருசமும் நார் கிழிச்சு ஊறப் போட்டிருந்தன், மகள். கிணத்தடியில, நீலச் சட்டிக்குள்ள. எடுக்கேல்ல."

முப்பத்தைந்து வருசமாகப் போகிறது. வீடு போனதைப் பற்றி, மிசின் போனதைப் பற்றி, கடன் கொடுத்த கணக்குக் கொப்பி போனதைப் பற்றி அவர் எங்களிடம் கதைத்தது இல்லை. கேட்டால் "அல்லாஹ் போதுமானவன்" என்று முடித்துவிடுவார். ஒரு சட்டி நாரைத்தான் அவர் விட்டுவிட்டு வந்ததாகக் கணக்கு வைத்திருந்தார். அதைச் சொல்ல அவருக்குக் கேள்விகள் உதவவில்லை. யாரும் குறுக்கே கதைக்காத ஒரு மணித்தியாலம் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு விசயம் மட்டும். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நின்றால் முந்தி உடனே அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன், பாடத்திட்டம் முடிக்கவேண்டுமே. இப்போது கொஞ்சம் நிற்கிறேன். "நில்லு, நில்லு, ஓடாத" என்று உஸ்தாத் சொன்னது என் காதில் கேட்கிறது.

பொடியன் ஒரு சுற்றுக் கூட்டினான். பிசிறு போய்விட்டது. இரண்டாவது பதிவை அனுப்பினேன், வாப்பா அதையும் முழுக்கக் கேட்டார். "இப்ப சரி" என்று உம்மா மூலம் சொல்லி அனுப்பினார். இந்த வருசம் நாரில்தான் கட்டுவது என்று பொடியன் பிடிவாதமாக நிற்கிறான். எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எந்தப் பக்கம் சீவவேண்டும் என்று அவன் எழுதித் தருகிற கேள்விகளை நான் படம் எடுத்துப் புத்தளத்துக்கு அனுப்புகிறேன், வாப்பாவின் பதில் மருமகனின் கையெழுத்தில் வருகிறது. பாடசாலைக் கிணற்றடியில் ஒரு வாளியில் நார் கிடக்கிறது. தயவுசெய்து யாரும் அதைக் கழுவி ஊற்றிவிடவேண்டாம்.

வாடை தொடங்கிவிட்டது. எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, இரவில் விண் கூவினால் ஒரு அரை மணித்தியாலம் போனை அப்பால் வைத்துவிட்டு அதைக் கேட்டுப் பாருங்கள். முதல் பத்து நிமிசம் சலிக்கும், எழும்பவேண்டாம். மற்றது, பக்கத்தில் யாருக்காவது அந்தச் சத்தம் பழைய பயத்தைக் கொண்டுவருமென்றால், பட்டத்தை ஏற்ற முதல் ஒரு எட்டுப் போய், "அம்மா, இண்டைக்கு இரவு விண்தான்" என்று சொல்லிவிட்டு ஏற்றுங்கள். எங்கள் பொடியன் இப்போது தன் அம்மம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறான். அவ இன்னும் முற்றத்தில் இறங்கிப் பார்க்கிறா. ஆனால் இப்போது பட்டத்தைத்தான் பார்க்கிறா என்று நினைக்கிறேன்.

விண் கட்டத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், நார் எப்படி எடுப்பது, எத்தனை சாண் வில்லுக்கு எத்தனை விரல் அகல நார் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். காது மந்தமான ஆட்களாக இருந்தால் முதலில் ஒரு ஹெட்போனைத் தேடுங்கள்.